அடியில் கிடந்த குஞ்சுகள்

கேசினி: பதுளையில பஸ்ஸ விட்டு எறங்கி நேரா வர்றேன். கதவத் தொறண்ணே!

விஜேந்திரன்: கொழும்பு லேப்காரிக்கு இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல என்னா வேல? விழுந்த பல்ல எண்ண வந்தியா?

கேசினி: ஒன்ன அடிச்சது இறால் பண்ணை மொதலாளியோட ஆளுங்க...

விஜேந்திரன்: அடிக்க வச்சது உங்க காயிதம்! இறால் குஞ்சுல நோய் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க. ரெண்டு மாசம் வளத்தோம். மூணே நாள்ல குளம் பூரா செத்து மெதந்துச்சு. நோய் இல்லன்னா நஞ்சு. நஞ்சு போட்டது யாரு? தோட்டத்துல இருந்து வேலைக்கு வந்த தமிழன்! நான்தான்னு கேசும் போட்டுட்டாங்க. நாடு இருக்கிற நெலமையில அது என்னாகும்னு தெரியுமா ஒனக்கு?

கேசினி: கத்தாத. அம்மா எங்க?

விஜேந்திரன்: மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருச்சு. பேச்ச மாத்தாத.

கேசினி: செத்த இறால சோதிச்சிட்டோம். நஞ்சு இல்ல. தொண்ணூத்தாறுல பண்ணைங்கள அழிச்ச அதே வெள்ளைப்புள்ளி வைரஸ்.

விஜேந்திரன்: ...சத்தியமா?

கேசினி: வைரஸோட மரபணு ஒரு துணுக்கு இருந்தாப் போதும். மெஷின் அத ரெண்டாக்கி, நாலாக்கி, கோடிக்கணக்குல பெருக்கிக் காட்டிரும்.

விஜேந்திரன்: அப்ப குஞ்சுலயே காட்டியிருக்கணுமே! அன்னைக்கு ஒங்க மெஷின் தூங்குச்சா?

கேசினி: சோதனைக்கு நீங்க அனுப்பின போத்தல்ல இருக்கிறதத்தான் அது பாக்கும். போத்தல்ல போட்டது யாரு?

விஜேந்திரன்: ...நான்தான்.

கேசினி: எப்புடிப் புடிச்ச?

விஜேந்திரன்: எப்புடின்னா... வலையாலதான்.

கேசினி: அண்ணே!

விஜேந்திரன்: நல்லதாப் பாத்து எடுத்தேன். தண்ணிய எதுத்து நீந்துறது, துள்ளுறது... நூத்தம்பது குஞ்சு.

கேசினி: அடியில சொணங்கிக் கெடந்ததெல்லாம்?

விஜேந்திரன்: அத எவனாவது அனுப்புவானா? கொழுந்து நிறுக்கையில முத்தின எலய மேல வச்சா காட்டுவாங்க? நிறுக்கிற கணக்கப்புள்ள கண்ணுல படுறது நல்லதா இருக்கணும்னுதானே அம்மா நமக்குச் சொல்லிக் குடுத்துச்சு!

கேசினி: ஐயோ, மடையா! சீக்கு இருந்ததே அடியில கெடந்ததுலதான்! அதுதான் எங்களுக்கு வேணும்!

விஜேந்திரன்: எவன் சொன்னான்? போத்தலக் குடுத்து நெரப்புன்னான், நெரப்பினேன்!

கேசினி: அது சீக்குன்னு ஒனக்குத் தெரியாது?

விஜேந்திரன்: தெரியும். இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடந்துச்சு. சோதனையில குஞ்சு கழிஞ்சா இந்த வருசம் குளத்துல தண்ணி கட்டமாட்டேன், நீ ஒன் தோட்டத்துக்கே போயிருன்னாரு மொதலாளி. திரும்பி இந்தத் தகரத்துக்கடியில வந்து... அதுக்குப் பயந்துதான். திட்டு. நல்லாத் திட்டு!

கேசினி: திட்டத்தான் வந்தேன்... வாய் வரல.

விஜேந்திரன்: ஏன்? நீதானே நாயம் தெரிஞ்சவ! போ, கோர்ட்டுல சொல்லு, எங்கண்ணன் பொறுக்கி அனுப்பினான்னு!

கேசினி: சொல்லத்தான் போறேன். சொன்னாத்தான் நஞ்சுக் கேசு ஒடையும். இன்னொண்ணும் சொல்லணும். அதோட என் வேலை போயிரும்.

விஜேந்திரன்: ஒன் வேலையா? நீ என்னா பண்ணின?

கேசினி: அந்தப் போத்தல் என் மேசைக்குத்தான் வந்துச்சு. மேல ஒன் எழுத்து. உள்ள நூத்தம்பதும் ஒரே அளவு, கொழுகொழுன்னு. பொறுக்கினதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு. திருப்பி அனுப்பினா ஒன் வேலை போயிருமேன்னு, நானும் அந்தக் கணக்கப்புள்ள மாதிரி மேலோட்டமாப் பாத்துட்டு, நோய் இல்லன்னு ஒப்பம் போட்டேண்ணே.