கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

பட்டறைக்காரங்க கூடியிருக்கிற இடத்துல பட்டறைக் கதையைத்தான் சொல்ல முடியும். சின்னதுதான், கேளுங்க. சிரிக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இருக்காது... முன்கூட்டியே சொல்லிடறேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். காந்திபுரத்துல என் பட்டறை. தாமோதரன்னு ஒருத்தர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருந்தார். இங்கிலாந்து வண்டி. ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை. அப்பவே அதுக்கு இருபத்தஞ்சு வயசு. அவரோட அண்ணன் ஹரிகிருஷ்ணன் ஒரு காலத்துல அதுல ரேஸ் ஓட்டினவர். இப்போ நுரையீரல் கெட்டுப்போய் கோத்தகிரியில படுத்திருக்கார். டாக்டர் ஒரு மாசம்னு சொல்லிட்டார். அந்த மனுஷன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கூரையைத் திறந்துவிட்டு அந்த வண்டியில ஒரு தடவை உக்காரணும்.

ஆனா வண்டி மலை ஏறலையே! கோயமுத்தூருக்குள்ள சுத்தினா ஒரு குறையும் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி மூணாவது வளைவு... சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போயிடும். பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுன்னு ஆவி.

"லாரியில ஏத்திட்டுப் போயிடலாமுங்க"ன்னு சொன்னேன்.

"வேண்டாமுங்கண்ணா. ஓடி வரணும்னு சொல்றார். லாரியில வந்தா நான் முகத்தைத் திருப்பிக்குவேன்கிறார்."

சரின்னு வேலையில இறங்கினேன். ரேடியேட்டரைக் கழட்டி அடைப்பு எடுத்தேன். மலைக்குப் போனோம்... கொதிச்சது. வாட்டர் பம்பை மாத்தினேன். போனோம்... கொதிச்சது. ஹெட்டைத் திறந்து கேஸ்கெட் போட்டேன். திரும்பவும் போனோம். அதே மூணாவது வளைவு, அதே ஆவி! இப்படியே பதினெட்டு நாள் போச்சு.

என் பட்டறையில நஞ்சப்பன்னு லேத் வேலை பார்க்கிறவர் ஒருத்தர். என் வயசுதான். அதிகம் பேச மாட்டார். அன்னைக்கு மெல்ல வந்து கேட்டார்:

"ஏனுங்கண்ணா, தெர்மோஸ்டாட் இருக்கிற கூட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களே?"

எப்படி இருக்கும்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வண்டி முதல் தடவை வந்தப்பவே அதைக் கழட்டி எறிஞ்சவன் நான்தானே! நீங்களும் எறிஞ்சிருக்கீங்க. ஏன் தலையைக் குனியறீங்க? வெளிநாட்டு வண்டி வந்தா நம்ம முதல் வேலை அதுதானே? 'குளிர் நாட்டுக்காரன் வச்சது, நம்ம வெயிலுக்கு எதுக்கு'ன்னு பேசிக்கிட்டே குப்பையில போடுவோம். அது என்ன பண்ணும்? எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியைப் பிடிச்சு நிறுத்தும். 'கொஞ்சம் பொறு'ன்னு சொல்லும். பொறுன்னு சொல்றவனை யாருக்குப் பிடிக்கும்?

நஞ்சப்பன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"யோவ், உனக்கு லேத் தெரியும். எஞ்சின் தெரியுமா? போய் வேலையைப் பாரு."

அவர் போயிட்டார். அஞ்சு நாள் போச்சு. தாமோதரன் வந்து நின்னார். "அண்ணன் இப்பல்லாம் வண்டியைப் பத்திக் கேக்கறதில்லீங்க"ன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

வண்டியை மறுபடி மூணாவது வளைவு வரைக்கும் ஏத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே நிறுத்தினேன். முள் சிவப்புக்கு வந்ததும் ரேடியேட்டருக்குக் கீழேயிருந்து எஞ்சினுக்கு வர்ற ரப்பர் ஹோஸைத் தொட்டேன். என் வாழ்க்கையில மறக்க முடியாது... குளிர்ந்து கிடக்குது! எஞ்சின் கொதிக்குது, ரேடியேட்டர் தண்ணி பச்சைத் தண்ணியா இருக்குது. அப்போ வெந்நீர் எங்கே போகுது? பக்கத்துல விரல் தடிமன்ல ஒரு குழாய், ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்கே திரும்புற குறுக்கு வழி. தொட்டேன்... கை பொசுங்கிப்போச்சு. அந்த வண்டியில தெர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்திருக்கு. திறக்கும்போது அந்தக் குறுக்கு வழியை அதுதான் மூடணும். அதைத்தான் நான் எறிஞ்சுட்டேனே! வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினையே சுத்திச் சுத்தி வந்திருக்கு.

வேற வண்டியோட தெர்மோஸ்டாட் ஒண்ணு கிடைச்சது. ஆனா அது அந்தக் குறுக்கு வழியை மூடாது, அதை அடைக்க ஒரு பித்தளை வளையம் வேணும். நஞ்சப்பன்கிட்ட போய் நின்னேன். 'அன்னைக்கே சொன்னேனே'ன்னு அவர் கேட்கலை. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைஞ்சு கையில கொடுத்துட்டுத் திரும்பிக்கிட்டார்.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். மூணாவது வளைவு தாண்டிச்சு. பத்தாவது தாண்டிச்சு. முள் நடுவுல நின்னது நின்னபடி. தாமோதரன் சிரிச்சுக்கிட்டே ஓட்டினார். கோத்தகிரி போய்ச் சேர்ந்தோம்.

வீட்டு வாசல் நிறையச் செருப்பு.

ஆறரை மணிக்குப் போயிட்டார்னு சொன்னாங்க. நாங்க அப்போ பாதி மலையில இருந்தோம். தாமோதரன் இறங்கினார். நான் சாவியைத் திருகப் போனேன்.

"நிறுத்தாதீங்கண்ணா... ஓடட்டும். ஓடி வந்துட்டோம்னு அவருக்குக் கேக்கட்டும்."

உள்ளே போயிட்டார். நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். எஞ்சின் அவ்வளவு சுத்தமா ஓடினது. அந்தச் சத்தத்தைவிடக் கொடுமையா இன்னொண்ணை நான் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்றேன்? இருபத்துமூணு நாளும் நான் எங்கே தேடினேன்? வண்டியில இருக்கிறதுல தேடினேன். நானே எடுத்து எறிஞ்ச இடத்துல தேடலை. காட்டினவரையும் வாயை மூடச் சொன்னேன்.

நம்ம சங்கத்துல ஒரு விதி இருந்தது. தூக்கி நிறுத்தின வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னாடி இன்னொரு ஆள் வந்து, வண்டியைத் தாங்குற ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்துட்டு 'போ'ன்னு சொல்லணும். நான் எழுதின விதி. 'கிழவன் நேரத்தை வீணாக்கறான்'னு போன வருஷம் இதே மண்டபத்துல கைதட்டி அதை எடுத்து எறிஞ்சீங்க. அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் ஆறலை, ஆறவும் ஆறாது. அதுக்கப்புறம் சிங்காநல்லூர்ல குழந்தைவேலு. கணபதியில அந்தோணி. ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில நசுங்கிச் செத்தாங்க. காலையிலிருந்து என்ன பேசறீங்க? ஜாக்கை மாத்தலாம்ங்கறீங்க, தரையை மாத்தலாம்ங்கறீங்க. எடுத்து எறிஞ்சதைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?

என்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டாம். கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில உங்க பட்டறையில ஒருத்தர் வண்டிக்கு அடியில படுக்கப் போறார்... அவர் பக்கத்துல யார் நிக்கப் போறா? அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு எழுந்து போங்க.