தவசியின் சாய்வு

"ஹலோ... மதினி, நாந்தான் நாகஜோதி. அவனியாபுரம் பட்டறையிலருந்து... ஆமா, ஆமா, அண்ணன்கூட வேலை பாத்த ஜோதிதான். போனை வச்சிராதீக, ஒரு விசயம் சொல்லணும்..."

நாகஜோதி பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். மறுமுனையில் தவசியின் மனைவி முத்துச்செல்வி. காளவாசல் பக்கம் லாரி மோதி தவசி செத்த பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"...இல்ல மதினி, எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து வேணாம். அண்ணே மாட்டிப் பறப்பாருல்ல, அந்த மெசினு... ஆமா, முதுகுல மாட்டுறது, பேட்டரியில ஓடுறது. அதப் பத்தித்தான்..."

அதில் கைப்பிடி கிடையாது. மாட்டியிருக்கிற ஆள் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் போகும். அவர் உடம்பின் போக்கைப் பறக்கப் பறக்கப் படித்துக்கொள்ளும். இதுவரை அதை மாட்டிக்கொண்டு கண்மாய்க்கு மேலே பறந்தவர் தவசி ஒருவர்தான். ஆகாசத்தில் ஒரு கீறல் படாத மனுசர், தார் ரோட்டில் போய்ச் சேர்ந்தார்.

"இன்னைக்குக் காலையில நான் மாட்டிப் பாத்தேன்... கயிறு கட்டித்தான். எனக்கு ஒண்ணும் ஆகல, கேளுங்க. நான் நேரா நிக்கிறேன், அது என்னைய இடது பக்கமாவே தள்ளுது. மோட்டாரெல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்பறந்தான் வெளங்குச்சு... அண்ணனுக்கு வலது தோளு எறங்கியிருக்கும்ல... ஆமா, ஜல்லிக்கட்டுல மாடு தூக்கிப் போட்டதுதான். அந்தத் தோளுக்கு முட்டுக் குடுத்தே பழகிருச்சு மதினி. அவரு போனது அதுக்குத் தெரியாதுல்ல..."

நாகஜோதியின் வலது தோளில் காலையில் பட்ட அழுத்தம் இன்னும் இருந்தது. பின்னால் யாரோ நின்று தாங்கிப் பிடித்த மாதிரி. இறங்கிய பிறகும் வாரைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை.

"...மதினி? இருக்கீகளா?... ம்... ம்... பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு பழக்கம் அதுல தங்கிருச்சு, அம்புட்டுத்தான்... ஆமா, அத அழிச்சுத்தான் ஆகணும். நாளைக்குச் சோலைன்னு ஒரு அண்ணே மாட்டப் போறாரு. இப்பிடியே மேல போனா அவரைக் கவுத்து விட்ரும்... இல்ல, அழிச்சா திரும்ப வராது. அதான், உங்ககிட்டச் சொல்லாம எனக்குக் கை வரல."

முத்துச்செல்வி மெல்லிய குரலில் ஒன்று கேட்டாள். நாகஜோதி திரும்பி, சாத்திய கதவைப் பார்த்தாள்.

"...நீங்களா மாட்டிப் பாக்கணும்?... மாடிப்படி ஏறுனாலே உங்களுக்குத் தலை சுத்தும்னு அண்ணே சொல்வாரே... சரி. சரி, அழுகாதீக. வாங்க. திருமங்கலத்துல பஸ் ஏறுனதும் கூப்பிடுங்க, ஸ்டாப்புல வந்து நிக்கிறேன்... ஒரு அடிக்கு மேல விடமாட்டேன், கயிறு என் கையிலதான் இருக்கும்... நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா நில்லுங்க போதும்... ஆமா... ஆமா, அவரு சாய்வு தோளுலதான் தெரியும்..."

முத்துச்செல்வி இன்னொன்றும் கேட்டாள்.

"...எம்புட்டு நேரமா?... பேட்டரி தீருற வரைக்கும், மதினி... ம்... முழுசா ஏத்தி வைக்கிறேன்."

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டாள்.