படத்துக்குப் பொருந்தாத தோப்பு

வெயிலில் நடப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. அதனால்தான் இத்தாலியின் லெச்சே நகரில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் வேலைக்கு வந்தேன். நம் கண்ணுக்கு இலையெல்லாம் ஒரே பச்சை. மேலே சுற்றும் அந்தக் கருவிக்கு அது நூற்றுக்கணக்கான நிறம். ஆலிவ் மரத்துக்கு நோய் கண்டால், இலை காயும் முன்பே படத்தில் தெரிந்துவிடும்.

பான்டலேயோ என்ற விவசாயியின் ஆலிவ் தோப்பு படத்தில் சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பென்றால் நோய். படம் சொல்வது சரிதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். போனேன். இலை பறித்துச் சோதனைக்கு அனுப்பினேன். நோய் இல்லை என்று பதில் வந்தது.

"வாங்க டாக்டரே, மேலருந்து பாத்தா என் வழுக்கை தெரியுதா? அதுக்கும் ஏதாச்சும் சீக்கு சொல்லுங்களேன்" என்றார் பான்டலேயோ, ஊர்க் காப்பிக்கடையில் என்னைக் கண்டதும். காப்பிக்கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

"இலைல தூசி படிஞ்சிருக்கும். படத்தைத் திருத்திட்டு வேற வேலையப் பாருங்க" என்றாள் உடன் வேலை பார்க்கும் அட்டோலோராட்டா. படத்தைத் திருத்துவதா? இருபது வருட வேலையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியவன் இல்லை நான். படத்தில் தவறு இல்லையென்றால், தவறு தோப்பில்தான் இருக்க வேண்டும்.

கல்லிப்போலி என்ற ஊர்ப் பக்கம் அந்த நோயில் பட்டுப்போன தோப்புகளில் நுரைப்பூச்சி ஏராளம். நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோவது அதுதான். வலை வீசிப் பிடித்து, பான்டலேயோ மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று அவர் தோப்பில் திறந்துவிட்டேன். நல்ல வெயில். தொப்பி எடுத்துப்போகாதது என் கவனக்குறைவு.

கொஞ்ச காலத்தில் கிளைநுனிகள் கருகின. அரசு ஆணைப்படி மரங்களை அறுத்தார்கள். அவருடைய முப்பாட்டன் நட்டவையாம். அதெல்லாம் படத்தில் தெரியாது. பூச்சி சாலையைத் தாண்டி, நான் நலம் என்று குறித்திருந்த தோப்புகளுக்கும் போய்விட்டது. அங்கே என் படம் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி மரம் விழுந்த மறுநாள் பான்டலேயோ என் அலுவலகத்துக்கு வந்தார்.

"நீங்க அப்பவே சொன்னீங்க டாக்டரே. நான் ஒரு முட்டாப்பய, கேலி பண்ணிச் சிரிச்சேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தேன். மன்னித்துவிட்டேன், ஐயா. எதையும் மனதில் வைத்துக்கொண்டு பழிதீர்க்கிற ஆள் இல்லை நான்.