ஜார் வீட்டு முட்டை

— விளையாடாத உஸ்தீன்யா. தலையணைக்கு அடியில வெச்ச முட்டை எங்க?

— அந்தக் கண்ணாடிப் பொம்மையா?

— பொம்மையா! ஜார் தன் பொண்டாட்டிக்கு ஈஸ்டருக்குக் கொடுத்ததுடி அது. அத்தனையும் வைரம். நான் காவல் காக்குற அரண்மனைக் கிடங்குல இந்த மாதிரி முட்டைங்க வரிசையா இருக்கு, அதுல ஒண்ணை எடுத்தேன்.

— ஜார்தான் போயிட்டானே. எல்லாம் மக்கள் சொத்துன்னாங்க. நாம மக்கள் இல்லையா?

— அந்த மக்கள் வேற. நாளைக்குக் கணக்கெடுக்குற கமிஷன் வந்து எல்லாத்தையும் எண்ணும். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைச் சுவத்துல சாய்ச்சுச் சுட்டுடுவாங்க.

— அப்புறம் எதுக்குய்யா தூக்கிட்டு வந்த?

— காய்ச்சல்ல கிடக்குற நியூரா, "ஈஸ்டருக்கு முட்டை இல்லையாப்பா"ன்னு கேட்டாளே. பெத்ரோகிராடு முழுக்கத் தேடினாலும் கோழி இல்ல. ஒரு நாள் கையில வெச்சிருக்கட்டும்னு பார்த்தேன்.

— அவ அதை வேகவெச்சுத் தரச் சொல்லி அழுதா. போக்குக் காட்ட வெச்சேன். விறகு தீர்ந்ததுதான் மிச்சம்.

— ஜார் முட்டையை வேகவெச்சியா! சரி, இப்ப எங்க?

— திட்டாம கேளு. மேல்மாடி ஜூபோவ் வந்தாரு.

— கட்சிக்கார ஜூபோவா?

— ஆமா, சாமி படம் வெச்சிருக்கோமான்னு சோதிக்க. படத்தைப் பார்த்ததும் பழக்கதோஷம், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்"னுட்டாரு. நானும் "மெய்யாவே உயிர்த்தெழுந்தார்"னேன். ஈஸ்டர் வழக்கப்படி கன்னத்துல மூணு முத்தம். அப்புறம் பையிலேர்ந்து முட்டை எடுத்து நீட்டினாரு. நிஜக் கோழிமுட்டை! பதிலுக்கு முட்டை கொடுக்காம ஒரு மனுஷனை அனுப்பலாமா? வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான்.

— நாளைக்கு வர்ற கமிஷனுக்குத் தலைவரே அவர்தான்டி!

— ஐயோ! அவர் கொடுத்ததை நியூரா அப்பவே தின்னுட்டாளே!

— கதவு தட்டுறாங்க. முடிஞ்சுது. என் பூட்ஸை உன் தம்பிக்குக் கொடுத்துடு.

— அதுல ஓட்டை இருக்கே.

— சாகப்போறவன்கிட்ட சொல்ற பேச்சா இது?

— யெஃபீம் தோழரே, உள்ள வரலாமா?

— நானே வெளிய வந்துடறேன் ஜூபோவ் தோழரே. பிள்ளை முன்னால வேண்டாம்.

— மெல்லப் பேசுங்க. இந்தாங்க உங்க முட்டை. நான் முத்தம் கொடுத்தது, கிறிஸ்து பேரைச் சொன்னது, எதுவும் வெளிய தெரியக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?

— விட்டுச்சு... ஆனா நாளைக்கு எண்ணும்போது இது...

— அதுக்குத்தான் வந்தேன். எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கிடங்கைத் திறந்து வைங்க. போன வாரம் நாங்க பார்வையிட வந்தோமே, கமிஷன்ல அத்தனை பேரும் பிள்ளைக்குட்டிக்காரங்க. ஆளுக்கொரு முட்டையைத் திருப்பி வைக்கணும்.