ரசம் சிந்தாம எறக்கு

ஜன்னல் சீட்டுக்கு எங்கூட சண்ட போடுற அண்ணன் செத்ததுலேர்ந்து பஸ்ல ஜன்னல் சீட் கெடச்சாலே எனக்கு அழுகை வந்துரும். இன்னிக்கு ஆம்பூர்ல ஏறுனப்பவும் ஜன்னல் சீட்தான். முன் சீட்ல ஒரு அக்காவும் அவங்க தம்பியும்.

"டேய், நேத்து டம்பெல்ஸ தொப்புனு போட்டது நீதான?"

"உனுக்கு எப்பிடி தெரியும்?"

"ஜிம்முக்கு கீழதான நான் ஷூ தைக்கிறேன்? நீ மேல போட்ட, கீழ என் மிஷினே ஆடி தையல் கோணிக்கிச்சு. தோல் வீணாப் போச்சு. இன்னொன்னு வீணானா மிஷின்லேர்ந்து எழுப்பி பசை தடவ அனுப்பிருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"கை வலிச்சா இன்னாக்கா பண்றது?"

"தூக்கத் தெரியுது, எறக்கத் தெரியலியா?"

"தெரியும். மொதல்ல தொடையில வெக்கணும். அப்புறம் முதுகு வளையாம, முட்டிய மடக்கி எறக்கணும்."

"இந்தா, செஞ்சி காட்டு."

சாப்பாட்டுப் பைய குடுத்தாங்க. அவன் எழுந்து நின்னு, தொடையில வெச்சி, மெதுவா எறக்குனான். பாதியில பஸ்ஸு ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சது. அப்பவும் பை சத்தமில்லாம தரைக்கு வந்துச்சு.

அக்கா தொறந்து பாத்தாங்க.

"ரசம் சிந்தல. இனிமே ஜிம்லயும் இது ரசம்னு நெனச்சே எறக்கு."

"ரசம் டம்பெல்ஸ் அளவுக்கு வெயிட்டா இருக்காதுக்கா."

"நீ வெச்ச ரசம்டா அது!"

பள்ளிகொண்டா தாண்டியும் நான் சிரிச்சிக்கினே இருந்தேன்.