ஜப்பான்காரனுக்கு ஒரு தேங்காய்

ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த வாரம். சான்டா கிளாரா இந்தியன் கடையில் பில் போடும் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண், கணவர் பிடித்திருந்த கூடையில் இரண்டு தேங்காயை வைத்தாள்.

“ஒண்ணு சட்னிக்கு. ஒண்ணு ஜப்பான்காரனுக்கு.”

“அந்த ஜிம்னாஸ்டுக்கா? அவன்தான் ஹை பார் கம்பிலேர்ந்து விழுந்துட்டானே.”

“அவனுக்குத்தான். பிள்ளையாருக்கு உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கான், பாவம். இதோட ரிடையர் ஆகப்போறானாம்.”

“நீ வேண்டிக்கிட்டது ராத்திரி டிவி முன்னாடி. அவன் விழுந்தது அன்னிக்குக் காலையிலேயே. இந்த ஊர் டிவில லேட்டாத்தான் போடறான். நான் ஆபீஸ்லயே நெட்ல பாத்துட்டேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டாலே பேப்பரை எடுத்துக்கிட்டு உள்ள போறவர், அன்னிக்கு மட்டும் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. விழப்போறான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா வேண்டிக்கிட்ட?”

“விழக்கூடாதுன்னு யார் வேண்டிக்கிட்டா? அடிபடாம எழுந்து, திரும்ப ஏறி முடிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். முடிச்சானே.”

அவர் ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

“இதுல தண்ணியே இல்ல. இது சட்னிக்கே இருக்கட்டும்” என்றார். அடுத்ததையும் ஆட்டினார். “இதுவும் சரியில்ல. நீ நில்லு, அவனுக்கு நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துட்டு வரேன்.”