முடிவைச் சொன்னவள்

ஒருவருக்குத் தொடர் பரிந்துரைப்பது செருப்பு வாங்கிக் கொடுப்பது மாதிரி. காலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஊரே ஆஹா ஓஹோ என்கிறதே என்று வாங்கிக் கொடுத்தால் கடிக்கத்தான் செய்யும். எனக்கு இதில் கொஞ்சம் கைராசி உண்டு என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று வாசலில் நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "அக்கா, கடைசிப் பாகம் அப்படி இல்லையே. அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வியில்லை அது. ஆறாம் படுக்கைக்கு ஊசி எடுக்கும் நேரமும் ஆகியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஆறு படுக்கை, ஒரு டிவி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு மாமியார் மருமகள் சண்டை எதற்கு? இந்த உலகம்தான் அவர்களைப் படுத்துகிறதே. வேற்றுக் கிரகம், மந்திரக் கதவு, பறக்கும் மிருகம் என்று எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். தையல்காரருக்குக் காலத்தில் பின்னோக்கிப் போகிற தொடர் ஒன்று சொன்னேன். மூன்றே நாளில் முப்பது பாகம் முடித்துவிட்டு வந்து நின்றார். பேருந்து ஓட்டுநருக்கு டிராகன் கதை. "இதை ஓட்ட லைசென்ஸ் யார்கிட்ட வாங்கணும் சிஸ்டர்?" என்று கேட்டார். கதை பிடித்துவிட்டால் ஆள் தவறாமல் வருவார். வந்தால் பிழைப்பார். எங்கள் தொழிலில் இதையும் மருந்துக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் அப்பா முதல் மாதத்தில் பாதி நாள் வரவில்லை. "குத்திக் குத்திச் சாகறதுக்கு ஒரேயடியா போயிடலாம்" என்பார். எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்று நீங்கள் அழுதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "வேலை" என்றீர்கள். எனக்கு அது முன்னமே தெரியும்.

வந்த முதல் நாளே அவரை அடையாளம் கண்டுகொண்டேன். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சரக்குக் கிடங்கில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். அவர் அங்கே மேலாளர், நான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவள். பன்னிரண்டு வருடமாகிறது; இந்த நர்ஸ் வேலைக்குப் படித்தது அதற்கப்புறம்தான். ஒருநாள் காலை பத்து மணிக்கு, என் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரச் சொல்லுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது உங்கள் அப்பா. அதை அவர் என்னிடம் சொன்னது மாலை நான்கு மணிக்கு. "லாரி கிளம்பட்டும்னு இருந்தேன்" என்றார், அப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நான் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அம்மா போய்விட்டாள். வந்துட்டாளா, வந்துட்டாளா என்று மூன்று முறை கேட்டாளாம்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. "நல்ல பொண்ணும்மா நீ" என்றார் ஒருநாள். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

பிறகு ஏன் அவருக்கு நல்ல தொடராகப் பார்த்துப் போட்டேன் என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் பிடிப்பே இல்லாதவரிடமிருந்து எதைப் பிடுங்குவது?

'கரை தேடும் கப்பல்' நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்த தொடர். விண்வெளிக் கப்பல், கிழட்டுக் கேப்டன், புது உலகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆயிரம் பேர். கேப்டனின் கையிலிருந்து ஒரு குழாய் கப்பலின் இயந்திரத்துக்குப் போகும். அது இருந்தால்தான் அவர் உயிரோடிருப்பார். கப்பலில் மெக்கானிக் அவருடைய மகள். முதல் பாகத்திலேயே தையல்காரர் சொல்லிவிட்டார், "இவரும் நம்ம கேஸ்தான் சார்." உங்கள் அப்பா எங்கள் பிரிவில் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

வீட்டில் போட்டுக் காட்டாதீர்கள், இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் சொல்லி வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பாகம். அதன்பின் அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஏழு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது அவர்தான் முதலில் நிற்பார். உங்கள் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தபோது, மகளை அறுக்க விடமாட்டேன் என்று குதித்தவர், மெல்ல மெல்ல இறங்கி வந்தார். "கப்பல் கரை சேரட்டும், உன் இஷ்டப்படி செஞ்சுக்கலாம்" என்று உங்களிடம் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களாலதான்க்கா" என்றீர்கள். உண்மைதான்.

ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னும் ஆறு பாகம் பாக்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படிப் பிடித்திருந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார்.

"கிடங்குல ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. அவ அம்மா சாகக் கிடக்கறாங்கன்னு போன் வந்துச்சு. லாரி கிளம்பட்டும்னு ஆறு மணி நேரம் சொல்லாம இருந்துட்டேன். இங்க படுத்திருக்கிறப்ப அதேதான் ஞாபகம் வருது. அந்தப் பொண்ணு முகம்கூட மறந்துபோச்சு. எங்கயாவது பாத்தா கால்ல விழுந்துடுவேன்."

அந்த முகம் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான்தான் என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார், அழுதிருப்பார், பாரம் இறங்கி வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார். பன்னிரண்டு வருடமாக நான் சுமப்பதை அவர் பத்து நிமிடத்தில் இறக்கி வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"சார், கப்பலோட முடிவைச் சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லும்மா. பொறுக்க முடியல."

கப்பலின் சக்தி தீர்ந்துபோகிறது, மகள் தன் உயிரில் பாதியைக் குழாய் வழியாக அப்பாவுக்குக் கொடுக்க வருகிறாள், கொடுத்தால் அவள் நெடுநாள் இருக்கமாட்டாள் என்று கேப்டனுக்கு மட்டும் தெரியும், அதனால் அவள் தூங்கும்போது குழாயைத் தானே கழற்றிவிடுகிறார் என்றேன். கப்பல் கரை சேர்கிறது. மகள் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதாம்மா சரி. இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது" என்றார்.

முடிவு எனக்கும் தெரியாது. அம்மா போனபிறகு நான் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை; இங்கேயும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். நேற்று அவருடைய காலிப் படுக்கை ஓரமாக உட்கார்ந்து நீங்கள் கடைசிப் பாகம் பார்த்தபோதும் நான் தண்ணீர் சுத்திகரிக்கிற அறையில்தான் இருந்தேன். மகள் கொடுக்கிறாள், இரண்டு பேருமே பிழைக்கிறார்கள், கிழவர் கரையில் இறங்கி மணல் சுடுகிறது என்று சலித்துக்கொள்கிறார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. நான் சொன்னதுதான் பொருத்தமான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வியாழன் அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. டாக்டர் கேட்டதற்கு, வெளியூர் போயிருக்கிறாராம் என்றேன். நீங்கள் எவ்வளவு கெஞ்சியும் அவர் அசையவில்லை, நான் சொன்ன முடிவைச் சொல்லி, கேப்டன் செய்ததுதான் சரி என்றே பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு இங்கே போன் செய்தீர்கள். "அக்கா, அப்பாவே வர்றேன்னு சொல்லிட்டாருக்கா. ஆனா மூச்சு வாங்குது, எழுந்திருக்க முடியல. தூக்கிட்டு வந்துடட்டுமா? டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

"அசைக்காதீங்க. டாக்டர்கிட்ட சொல்றேன், வண்டி அனுப்புவாரு. பக்கத்துலயே இருங்க" என்றேன். நீங்கள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டீர்கள். வண்டி கிளம்பிவிட்டது என்றேன்.

டாக்டரின் அறை என் மேசையிலிருந்து பதினெட்டு அடி. அவரிடம் நான் சொன்னது நான்கு மணிக்கு, என் வேலை முடிந்தபிறகு. அப்போது உங்கள் அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கடைசிவரை நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கிடைக்காததை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். கொலை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் என் அம்மாவைக் கொல்லவில்லை அல்லவா, அதே போலத்தான் நானும் அவரைக் கொல்லவில்லை.